ஆத்திரத்துக்கு வக்காலத்து

1

செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரத்தில், ரங்கநாதர் படுத்திருக்கும் குடைவரைக்குக் கொஞ்ச தூரத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. பெரிய பாறை ஒன்றின் முகப்பில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சிறிய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற ஜைன ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிரை விட்ட இடம் இது என்கிறது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. புகழ்ச்சி இல்லை, புலம்பல் இல்லை. தமிழில் ‘ஐ’ என்ற எழுத்தின் பழைய வடிவத்தைத் தேடுகிறவர்கள் இந்தக் கல்லிடம் வருகிறார்கள். நாங்கள் அதற்காகப் போகவில்லை. சும்மா போனோம்.

கூட வந்த நண்பர், அப்போது வந்திருந்த ஒரு கதையைப் பாராட்டிக்கொண்டே பாறை ஏறினார். கதை நமக்குப் பழக்கமானதுதான். ஒருவன், மனைவி, சந்தேகம், ஊர்ப்பேச்சு, ஒரு மத்தியானம், அரிவாள். கடைசிப் பாராவில் அவன் வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறான். நண்பர் சொன்னார்: “உணர்ச்சியின் உச்சத்தில் மனிதன் பொறுப்பாளி அல்ல. அவன் வழியாக வேறு ஏதோ செயல்படுகிறது. அதைத் தீர்ப்புச் சொல்லாமல் பார்ப்பதுதான் கலை. சட்டமேகூட இதை ஒப்புக்கொள்கிறதே.”

கல்வெட்டின் முன்னால் நின்றுகொண்டு இதைச் சொன்னார் என்பது வேடிக்கை. 57 நாள் ஒவ்வொரு நாளும் முடிவெடுத்துச் செத்தவனின் கல் அது. ஆனால் என்னை உறுத்தியது அவருடைய கடைசி வாக்கியம். சட்டம் உண்மையில் எதை ஒப்புக்கொள்கிறது? யாருடைய ஆத்திரத்தை? அந்தச் சலுகையை நம் கதைகள் ஏன் இவ்வளவு பயபக்தியோடு பின்தொடர்கின்றன? அன்று பாறைமேல் பாதியில் விட்ட சண்டையை இங்கே முடிக்கப் பார்க்கிறேன்.

2

முதலில் சட்டத்தின் எழுத்து. மெக்காலேயின் கமிஷன் 1837 இல் வரைவு எழுதி, 1860 இல் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 300 ஆம் பிரிவு கொலைக்கு இலக்கணம் சொன்னது. அதற்கு ஐந்து விதிவிலக்குகள். முதலாவது நம் விஷயம். கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலால் தன்னை அடக்கும் சக்தியை இழந்த நிலையில், ஆத்திரமூட்டியவரையே ஒருவன் கொன்றுவிட்டால் அது கொலை ஆகாது. தவறுதலாகவோ தற்செயலாகவோ வேறொருவர் செத்தாலும் அப்படியே. குற்றம் உண்டு, தண்டனை உண்டு. ஆனால் தூக்கு இல்லை, கட்டாய ஆயுள் இல்லை. ஆத்திரத்தை அவனாகத் தேடிப் போயிருக்கக்கூடாது. சட்டப்படி ஒருவர் செய்த காரியத்தால் வந்த ஆத்திரமாக இருக்கக்கூடாது. தற்காப்புக்காக ஒருவர் செய்ததால் வந்ததாகவும் இருக்கக்கூடாது. இப்படி மூன்று வேலிகள்.

இதில் நண்பருக்குச் சாதகமாக இருப்பது ஒரு பாதிதான். மனிதன் பொறுப்பாளியே அல்ல என்று சட்டம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது 84 ஆம் பிரிவு. அது சித்தம் கலங்கியவர்களுக்கு. இங்கே சட்டம் சொல்வது, நீ பொறுப்பாளிதான், ஆனால் உன் நிலையில் வேறொருவனும் தடுமாறியிருப்பான், ஆகவே கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம் என்பது. அந்த ‘வேறொருவன்’ யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னும் இரண்டு வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ‘திடீர்’. நொடியில் பொங்கி, கைக்கு எட்டியதை எடுத்து, நொடியில் முடிப்பது. கை பலமுள்ளவனுக்கும் ஆயுதம் அருகில் உள்ளவனுக்கும் வசதியான உணர்ச்சி இது. பத்து வருஷம் உதை வாங்கியவள் அந்த நொடியில் திருப்பி அடித்தால் செத்துப்போவாள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அவன் தூங்கும்வரை காத்திருப்பாள். காத்திருந்ததால் அவளுடையது ‘திடீர்’ அல்ல, திட்டமிட்ட கொலை. இரண்டாவது, ‘ஆத்திரமூட்டியவர்’. செத்தவர்தான் மூட்டியவராக இருக்க வேண்டும். துன்பம் ஓரிடத்திலிருந்து வந்து, சாவு வேறிடத்தில் விழுந்தால் இந்தக் கதவு திறக்காது. இதற்குப் பிறகு வருகிறேன்.

2023 இல் பழைய சட்டத்தைத் தூக்கிப்போட்டுப் புதியது செய்தோம். காலனி ஆட்சியின் மிச்சத்தைத் துடைத்தோம் என்று சொன்னார்கள். 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 101 ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். அதே விதிவிலக்கு, அதே ‘கடுமை’, அதே ‘திடீர்’. எண் மாறியது, பெயர் சமஸ்கிருதமாயிற்று, வெள்ளைக்காரன் ஆத்திரத்தைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம் மட்டும் அப்படியே குடியிருக்கிறது. வெள்ளைக்காரனோ தன் ஊரில் அதைக் கைவிட்டுவிட்டான். 2009 இல் இயற்றிய சட்டத்தால் இங்கிலாந்து பழைய ஆத்திரமூட்டல் வாதத்தையே நீக்கியது. அதற்குப் பதில் வைத்த ‘கட்டுப்பாடு இழத்தல்’ என்ற வாதத்தில் அது திடீரென்று நிகழவேண்டியதில்லை என்று எழுதியது. துணையின் பிறர்உறவு ஒன்றையே காரணமாகக் காட்ட முடியாது என்றும் எழுதியது. பிரெஞ்சுக்காரர்களின் 1810 ஆம் வருஷத்துச் சட்டம், வீட்டில் கையும்மெய்யுமாகப் பிடிபட்ட மனைவியைக் கொன்ற கணவனை மன்னித்துக்கொண்டிருந்தது. 1975 இல் அவர்களும் அதை எடுத்துவிட்டார்கள். நாம் மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

3

இனி, அந்த ‘வேறொருவன்’.

1881 இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மனைவியைத் தன் விரோதியோடு கண்டவன் அன்று இரவு ஒன்றும் செய்யவில்லை, சாப்பிடவும் இல்லை. மறுநாள் கூலி வாங்கப் போன இடத்தில் அவள் அந்த ஆளோடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தான். ஆளை வெட்டினான். போதுமான ஆத்திரமூட்டல் என்றது கோர்ட். 1957 இல் அதே கோர்ட்டில் இன்னொன்று. மனைவி பிறனோடு போனதோடு அல்லாமல், இனியும் போவேன் என்று முகத்துக்கு நேரே சொன்னாள், கண்டித்த கணவனை ஏசினாள். அவளைக் கொன்றவனுக்கு முதல் விதிவிலக்கு கிடைத்தது. ஒருத்தி “போவேன்” என்று சொன்னது ஆத்திரமூட்டல். கவனியுங்கள், இங்கே காயம் உடம்பில் இல்லை, ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

பிறகு நானாவதி. 1959 ஏப்ரல் 27 ஆம் தேதி பம்பாயில் கடற்படைக் கமாண்டர் கவாஸ் நானாவதி, மனைவியின் காதலன் பிரேம் அஹூஜாவைச் சுட்டார். மனைவி ஒப்புக்கொண்டபின் அவளையும் குழந்தைகளையும் சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டார், கப்பலுக்குப் போய்ப் பொய்க்காரணம் சொல்லித் துப்பாக்கி வாங்கினார், தேடிப் போனார். ஜூரியில் 8 பேர் குற்றவாளி இல்லை என்றார்கள், ஒருவர் மட்டும் மாறுபட்டார். செஷன்ஸ் நீதிபதி ஏற்கவில்லை, உயர்நீதிமன்றம் தண்டித்தது, 1961 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. வீட்டை விட்டுக் கிளம்பியதற்கும் சுட்டதற்கும் இடையே ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதற்குள் நிதானம் திரும்பப் போதிய அவகாசம் இருந்தது என்றது. நியாயமான முடிவு. ஆனால் அந்தத் தீர்ப்பு ஓர் அளவுகோலையும் வகுத்துத் தந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் எந்த சமூக வகுப்பைச் சேர்ந்தவனோ அதே வகுப்பைச் சேர்ந்த நியாயமான மனிதன், அதே சூழ்நிலையில், தன்னை இழந்திருப்பானா? இதுதான் கேள்வி.

நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். லண்டன் கனவானை வைத்து ஆந்திரத்துக் கூலியை அளக்கக்கூடாது என்பதற்காகச் சொன்னது. ஆனால் இந்தத் தேசத்தில் ‘வகுப்பு’ என்று சொல்லிவிட்டு எங்கே நிறுத்துவது? ஒவ்வொரு சாதிக்கும் ஒரு கொதிநிலை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிறதே! நானாவதியின் கொதிநிலை என்னவாயிற்று என்பதும் தெரிந்ததே. ஒரு பத்திரிகை அவரை வீரனாக்கியது, 1964 இல் கவர்னர் மன்னிப்பு, பிறகு கனடா, 2003 இல் நிம்மதியான சாவு. சட்டம் மறுத்த இரக்கத்தை அந்தஸ்து வாங்கித் தந்தது.

வகுப்பளவுகோலின் முழு விளைச்சல் 2009 டிசம்பரில் வந்தது. மும்பை அருகே, தங்கை வேறு சாதி மலையாளி ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவனையும் அவன் குடும்பத்தாரையும் இரவில் வீடு புகுந்து கொன்ற வடக்கத்திப் பிராமண அண்ணனின் வழக்கு. சுப்ரீம் கோர்ட் தூக்கைக் குறைத்தது. தூக்கைக் குறைத்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. யாரையும் தூக்கில் போடுவதில் எனக்குச் சம்மதம் கிடையாது. காரணத்தில் ஆட்சேபணை. தங்கை இப்படிச் செய்தால் தடுக்காத அண்ணனைத்தான் சமூகம் பொறுப்பாளியாக்கும். தவறானாலும் மனதார நம்பிய சாதி எண்ணங்களுக்கு அவன் இரையாகிவிட்டான். இந்த ரீதியில் போகிறது தீர்ப்பு. செத்தவர்கள் ஒரு பக்கம் கிடக்க, வெட்டியவன் ‘இரை’! இரண்டே வருஷத்தில், 2011 இல், அதே கோர்ட் கௌரவக் கொலையில் கௌரவம் ஒன்றும் இல்லை, அது அரிதினும் அரிதான குற்றம் என்று எதிர்க்கோடிக்குப் போயிற்று. ஒருமுறை கண்ணீர், ஒருமுறை தூக்குக் கயிறு. நடுவில் சிந்தனை எங்கே?

இன்னொரு பக்கமும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். 1973 இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, இவ்வளவு நிலபுலனும் காரும் உள்ள பணக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது. ஆக, பெரிய மனிதன் வெட்டினால், அவன் வகுப்புக்கு அந்த ஆத்திரம் இயல்பு. பெரிய மனிதன் எரித்தால், அவன் வகுப்புக்கு அந்த ஆத்திரமே வராது. இரண்டு தாயத்தும் ஒரே பெட்டியில்.

நம் இலக்கியம் அப்போது என்ன செய்தது? வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ மிராசுதாரின் ஆண்மைக் குறைவில் போய்க் காரணம் தேடியது. 1977 இல் சாகித்ய அகாதமி பரிசு. கூலிக்காகக் கேட்டவர்கள் எரிந்த கதை, ஒருவனின் அந்தரங்க வேதனையின் கதையாகத் திரும்பியது. அப்போதே இந்தப் பத்திரிகை உலகத்தில் சண்டை நடந்தது, நடந்தது நல்லது. ஆனால் சண்டையின் பாடத்தை நாம் மறந்துவிட்டோம். கொன்றவனின் ‘உள்ளே’ போய்விட்டால் ஆழம் வந்துவிட்டதாக இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

4

நண்பர் குறுக்கிட்டார்: “நீ எடுத்ததெல்லாம் ஆண்களின் கேஸ். நல்லதங்காளை என்ன செய்வாய்?”

சரியான கேள்வி. அர்ச்சுனாபுரத்தில் இன்றும் கிணற்றைக் காட்டுகிறார்கள். பஞ்சம், பட்டினி, அண்ணி மூளி அலங்காரி, ஏழு குழந்தைகள். நம் பாட்டிமார் குஜிலிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுத அழுகையை யாரும் மறக்கமுடியாது. இது கதையோடு போகவில்லை. இந்த ஜில்லாவில் கிணறு இல்லாத ஊர் கிடையாது. குழந்தைகளோடு கிணற்றில் விழுந்த தாய் என்று வருகிற நாலு வரிச் செய்தியைப் படிக்காத தமிழன் கிடையாது. சில சமயம் குழந்தைகள் போய்விடுகின்றன, தாயைத் தூக்கிவிடுகிறார்கள். தூக்கியவுடன் அவள் தாய் அல்ல, முதல் எதிரி.

விதிவிலக்கு அவளுக்குக் கிடைக்காது. குழந்தைகளா ஆத்திரமூட்டின? மூட்டியவன் குடித்துவிட்டு வேறெங்கோ இருக்கிறான். திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை, வருஷக்கணக்காக நடந்தது. சட்டத்தின் இரண்டு வார்த்தைகளும் அவள் முகத்தில் சாத்துகிற கதவுகள்.

1989 இல் அச்சான ஒரு சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு இந்தக் கதவை உடைத்தது. வழக்கு அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கிறது. நான் அதை எழுதப்போவதில்லை. கடுமையும் திடீரும் ஒன்று, தொடர்ந்த ஆத்திரமூட்டல் வேறொன்று என்று அந்தத் தீர்ப்பு பிரித்தது. பல நாள் பரந்து கிடக்கும் பல காரியங்கள், கடைசியாக நடப்பது மிக அற்பமாகக்கூட இருக்கலாம், முறிவது அதில்தான். சட்டத்தின் எழுத்தில் இல்லாத இதை, தீர்ப்புகளின் வழியே விதிவிலக்குகளோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டு நீதிமன்றம் சுயமாக யோசித்த அபூர்வமான தருணம் அது. இந்த வகை வழக்குகளுக்கு நல்லதங்காளின் பெயரையே வைத்தார்கள். 2012 இலும் அந்தப் பெயர் தீர்ப்பில் வந்தது. 2023 இல் டில்லியில் உட்கார்ந்து புதுச் சட்டம் எழுதியவர்களுக்கு இதில் ஒரு வரிகூட எட்டவில்லை.

ஆனால் பெயர் வைத்ததில் ஒரு நெருடல் இருக்கிறது. ‘நல்லதங்காள் ஸிண்ட்ரோம்’ என்றார்கள். ஸிண்ட்ரோம் என்றால் வியாதிக்குறிகளின் தொகுப்பு. மனைவி “போவேன்” என்றதும் வெட்டியவன் நியாயமான மனிதன். அவனுக்கு ஆஸ்பத்திரிப் பெயர் கிடையாது. பட்டினியிலும் உதையிலும் வருஷக்கணக்காகக் கிடந்து முறிந்தவளுக்கு வியாதி. ஆணின் ஆத்திரம் நியாயத்தின் இலாகாவில், பெண்ணின் துக்கம் வைத்தியத்தின் இலாகாவில். இரக்கம் காட்டும்போதுகூட யாரை மனிதனாக, யாரை நோயாளியாக வைக்கிறோம் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

இதோடு நான் நிறுத்திக்கொண்டால் என் கட்சி சௌகரியமாக இருக்கும். ஆனால் அந்தக் கதையில் மூத்த பையன் இருக்கிறான். அவன் ஓடப் பார்க்கிறான். அம்மா, என்னை விட்டுவிடு என்று கெஞ்சுகிறான். அவள் விடுவதில்லை. பாட்டிமார் அந்த இடத்தில் அவளுக்காகவும் அழுதார்கள், அவனுக்காகவும் அழுதார்கள். நாம் அவளுக்காக மட்டும் அழப் பழகிவிட்டோம். குழந்தைகள் என்னுடையவை, நான் போனால் அவையும் போகவேண்டும் என்ற எண்ணத்தில், மனைவி என்னுடையவள் என்ற எண்ணத்தின் சாயல் கொஞ்சம் இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவளுக்கு வக்காலத்து வாங்குவதும் பொய்தான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ‘தொடர்ந்த ஆத்திரமூட்டல்’ என்று கதவைத் திறந்தால் முதலில் நுழைகிறவன் யார்? சாதிக்கார அண்ணன்தான். “ஆறு மாசமாக ஊரே என்னைக் கேலி செய்தது, டீக்கடையில் உட்காரமுடியவில்லை” என்பான். அவனுக்கும் நாள்கணக்கு இருக்கிறது. ஆகவே ‘திடீர்’ என்பதை எடுத்துவிட்டு ‘மெதுவாக’ என்று போட்டால் மட்டும் ஒன்றும் ஆகாது. கடிகாரத்தை வைத்து உணர்ச்சியை அளக்கிற வேலையே தப்பு.

5

பின் எதை வைத்து அளப்பது? உணர்ச்சி என்ன சொல்கிறது என்பதை வைத்து.

உணர்ச்சி குருட்டு வெள்ளம் என்பது நண்பரின் நம்பிக்கை. சட்டத்தின் ‘அடக்கும் சக்தியை இழந்து’ என்ற பிரயோகமும் அதே உருவகம்தான். பானை பொங்கிற்று, மூடி பறந்தது. ஆனால் பானை யார்மேல் பொங்குகிறது என்று பாருங்கள். மிராசுதார் கொல்லைப்புறத்தில் நிற்கவைத்து ஏசும்போது பொங்காத பானை, இன்ஸ்பெக்டர் கன்னத்தில் அறையும்போது பொங்காத பானை, வீட்டில் சோறு ஆறியிருந்தால் மட்டும் பொங்குகிறது. வெள்ளம் பள்ளத்தைப் பார்த்துத்தான் பாயும் என்பது வேறு. இந்த வெள்ளம் யார் பள்ளம் என்று சாதி, பால் விசாரித்துவிட்டுப் பாய்கிறது. விசாரிக்கத் தெரிந்தது எப்படிக் குருடாகும்?

கண்ணகியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அவளைவிடப் பெரிய கோபம் கிடையாது. ஆனால் அவள் முதலில் செய்தது என்ன? அரண்மனைக்குப் போய் வழக்காடினாள். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று உடைத்துக் காட்டினாள். தடயம் ருசுவான பிறகுதான் தீ. அந்தத் தீயிலும் யாரைத் தொடவேண்டாம் என்று சொல்கிறாள். குழந்தைகளையும் கிழவர்களையும் விலக்குகிறாள். அந்தப் பட்டியலோடு எனக்குச் சண்டை உண்டு. ஊரை எரிப்பது சட்டமாகவும் முடியாது. ஆனால் உச்சகட்டக் கோபத்துக்குக்கூடக் கண் உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? மறுபக்கம் பாண்டியன். விசாரிக்காமல் ஆளைக் கொன்றவன். தெரிந்ததும் அவன் ‘பொற்கொல்லன் தூண்டிவிட்டான்’ என்று விதிவிலக்குக் கோரவில்லை. பிழை தன்னுடையது என்று செத்தான்.

1996 இல் அமெரிக்காவில் டான் கஹன், மார்த்தா நுஸ்பாம் என்ற இருவர் கொலம்பியா சட்ட இதழில் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். உணர்ச்சியைச் சட்டம் இரண்டு விதமாகப் பார்க்கிறது என்றார்கள். ஒன்று, அது யோசனையற்ற விசை. இன்னொன்று, அது ஒரு மதிப்பீடு. எது முக்கியம், எது யாருடையது என்பதைப் பற்றிய அபிப்பிராயம். ஆகவே அது சரியாகவோ தப்பாகவோ இருக்கலாம். நமக்கு இது புதிதல்ல. சிலம்பைப் படித்தவனுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நாம் சிலம்பை மேடையில் படிப்போம், சட்டத்தைக் கோர்ட்டில் படிப்போம், இரண்டையும் ஒரே மேசையில் வைக்கமாட்டோம்.

வைத்தால் என்ன ஆகும்? மனைவியை வெட்டியவனின் ஆத்திரத்துக்குள் இருக்கும் வாக்கியம், ‘இவள் என் உடைமை’. தங்கை புருஷனை வெட்டியவனுடையது, ‘இவள் எங்கள் சாதியின் உடைமை’. அந்த ஆத்திரம் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவன் நடிக்கவில்லை, தொண்டை உண்மையாகவே அடைத்தது. உண்மையான உணர்ச்சி என்பதால் அது சரியான உணர்ச்சி ஆகிவிடாது. 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் பிறர்மனைக் குற்றம் பற்றிய 497 ஆம் பிரிவை ரத்து செய்தது. மனைவி கணவனின் சொத்து என்ற எண்ணத்தில் நிற்கிற சட்டம் என்று சொல்லி ரத்து செய்தது. சரி. அதே எண்ணத்தின் பேரில் கொன்றவனுக்கு மட்டும் ஏன் இன்னும் தள்ளுபடி? 497 செத்தது, அதன் ஆவி விதிவிலக்கில் குடியிருக்கிறது.

கிணற்றில் விழுந்தவளின் உணர்ச்சிக்குள் இருக்கும் வாக்கியம், ‘என் குழந்தைகளுக்கு இந்த உலகத்தில் நாதி இல்லை’. இதில் பாதி தப்பு. மூத்த பையன் ஓடினானே, அவன் வாழ விரும்பினான். ஆனால் பாதி உண்மை. அந்த உண்மையை ஆக்கியது அவள் அல்ல. உதைத்தவன், துரத்தியவர்கள், பார்த்துக்கொண்டிருந்த ஊர். ஆகவே அவள் பொறுப்பு குறைகிறது. அவள் நோயாளி என்பதால் அல்ல, பொறுப்பில் பங்காளிகள் இருப்பதால். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய பழைய 309 ஆம் பிரிவு புதிய சட்டத்தில் அந்த வடிவில் இல்லை. அது நல்லதுதான். ஆனால் அவள் பங்கை மட்டும் எண்ணிப் பார்க்கும் கோர்ட், தற்கொலைக்குத் தூண்டியவன் என்ற கணக்கிலோ கொடுமைப்படுத்திய கணவன் என்ற கணக்கிலோ அவனை அதே கூண்டில் நிறுத்தாதவரை அந்த இரக்கம் அரை இரக்கம்.

நான் கேட்பது சிக்கலானது அல்ல. விதிவிலக்கில் ஏற்கெனவே மூன்று வேலிகள் இருக்கின்றன. நாலாவது ஒன்று போடுங்கள்: வயதுவந்த ஒருவர் தன் துணையைத் தேர்ந்ததோ, விட்டுப் பிரிந்ததோ, மறுத்ததோ யாருக்கும் ஆத்திரமூட்டல் ஆகாது. ‘திடீர்’ என்ற வார்த்தையை எடுங்கள். அதன் இடத்தில், எவரிடமிருந்து என்ன கொடுமையை எவ்வளவு காலம் அனுபவித்தார் என்று கேளுங்கள். அந்த வகுப்பு, இந்த வகுப்பு என்று கேட்காதீர்கள்; அரசியல் சாசனத்தின் கீழ் வாழ ஒப்புக்கொண்ட மனிதன் எவனும் இந்தக் கோபத்தைச் சரி என்பானா என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் அண்ணனுக்குக் கதவு மூடும், தாய்க்குத் திறக்கும்.

6

இது வக்கீல்கள் சமாசாரம், நமக்கென்ன என்று ஒதுங்க முடியாது. சட்டத்தின் ‘நியாயமான மனிதன்’ ஒரு கற்பனைப் பாத்திரம். ரத்தமும் சதையும் இல்லாத அந்தப் பாத்திரத்துக்கு நீதிபதி தன் ஞாபகத்திலிருந்துதான் முகம் கொடுக்கிறார். அந்த ஞாபகத்தில் சினிமா இருக்கிறது, பாட்டு இருக்கிறது, தொடர்கதை இருக்கிறது. நாம் எழுதுவதும் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. அரிவாளை ஓங்குகிறவனுக்கு நாம் ஐம்பது வருஷமாகக் கவித்துவத்தைச் சப்ளை செய்திருக்கிறோம். வெட்டுப்பட்டவளுக்கு ஒரு வாக்கியம் கொடுத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

காம்யுவின் மெர்ஸோவை நம்மில் பலர் தலைமேல் வைத்துக் கொண்டாடினோம். அங்கே நடப்பது நேர்எதிர். தாயின் சவ அடக்கத்தில் அழவில்லை என்பதற்காகவே ஒருவனைக் கொலைத் தண்டனைக்குக் கொண்டுபோகிறார்கள். உணர்ச்சியைக் காட்டினால் தள்ளுபடி, காட்டாவிட்டால் தலை. சமூகம் எதிர்பார்க்கிற உணர்ச்சியைத்தான் கோர்ட் தேடுகிறது என்பதை 1942 இலேயே அந்தச் சின்ன நாவல் காட்டிவிட்டது. ஆனால் நாம் அதிலும் ஒன்றைக் கோட்டைவிட்டோம். கொல்லப்பட்ட அராபியனுக்குப் பெயர் இல்லை. கோர்ட்டும் அவனைப் பற்றிப் பேசுவதில்லை, நாமும் பேசவில்லை.

கொன்றவனின் உள்ளே போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகவேண்டும், தாஸ்தாயெவ்ஸ்கி போனார். ஆனால் அவர் போனது தள்ளுபடி வாங்கித் தர அல்ல. உள்ளே போய் அங்கே இருக்கிற வாக்கியத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் போட்டார். நம் ஆட்கள் உள்ளே போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டு இருட்டின் அழகை எழுதுகிறார்கள். தீர்ப்புச் சொல்லாமல் பார்ப்பது என்று இதற்குப் பெயர். தீர்ப்புச் சொல்லவில்லை என்று யார் சொன்னது? பீடி பற்றவைக்கிறவனோடு கதை முடிந்தால் அதுவே தீர்ப்பு. அவளுடைய பிணத்தோடு முடிந்திருந்தால் வேறு தீர்ப்பு.

திரும்பி வரும்போது ரங்கநாதரையும் பார்த்தோம். தேசிங்கு சண்டைக்குப் புறப்படுமுன் உத்தரவு கேட்க வந்தபோது சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று ஊரில் சொல்வார்கள். அவன் கேட்கவில்லை, போனான், 1714 இல் ஆற்காட்டு நவாப்பின் படையோடு மோதிச் செத்தான். பின்னால் அவன் இளம் மனைவி தீயில் இறங்கினாள். அவனுடைய ஆவேசத்தை நூற்றாண்டுக்கணக்காகப் பாடிக்கொண்டிருக்கிறோம். சாமி முகம் திருப்பியதைக் கேட்டுவிட்டு, அப்படியும் குதிரையேறிய வேகத்தைத்தான் ரசிக்கிறோம்.

நண்பர் அந்தத் திரும்பிய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சாமிகூடத் தீர்ப்புச் சொல்லவில்லை, பார்க்காமல் இருந்துவிட்டது” என்றார். முகத்தைத் திருப்பியதுதான் தீர்ப்பு என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. படியிறங்கி வந்தால் அடிவாரத்தில், வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக, சுற்றுச்சுவர் இல்லாத ஒரு கிணறு. இருவரும் கொஞ்சம் தள்ளித்தான் நடந்தோம்.